மருந்தறை வாசல் கல்

ஆமத்தூர் ரோட்டுக்கு வடக்கே முள்ளுக்காடாகக் கிடந்த கரிசல் பொட்டலில் நான் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வராது என்று நீரோட்டம் பார்க்க வந்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோன இடத்தில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். கடன் தர முடியாது என்று மூன்று ஊர்க்காரர்கள் கைவிரித்த பிறகும் பட்டாசு அறைகள் கட்டினேன். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஆள் உயர மண்கரை எழுப்பினேன். வேலையாட்கள் குடியிருக்க ஓட்டு வீடுகள் கட்டினேன். நிற்காமல் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நம் வாசலில் நிற்க வைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தைத் தீப்பெட்டி லேபிளில் படித்தேன். பெரிய எழுத்து முதலில் வந்தது, சின்ன எழுத்துக்குப் பல வருஷம் ஆயிற்று. இப்போது இதை என் கையால்தான் எழுதுகிறேன், பேத்தி பிழை திருத்துகிறாள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. சொந்தமாக ஒரு கைப்பிடி வெடிமருந்துகூட இல்லாத காலத்தில், இன்னொருவர் கம்பெனியில் போர்மேனாக இருந்தபோது, நான் ஒரு கல்லைப் போட்டேன். இடுப்பளவு நீளம், முழங்கால் உயரம், ஒரு பக்கம் மட்டும் கொத்திச் சமமாக்கிய கருங்கல். மருந்து கலக்கும் அறையின் வாசலுக்கு நாலு எட்டு முன்னால், வேப்பமர நிழலில் போட்டேன். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. அது ஏன் அங்கே வந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புருஷன் எங்கள் கம்பெனியின் மருந்துக்காரர். மருந்து கலக்குகிறவருக்கு அப்போது அதுதான் பட்டம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் என்னை, போர்மேன் ஆன பிறகும், ஏலே என்றுதான் கூப்பிட்டார். அவருடைய வீட்டம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேதக்கார வீட்டுப் பிள்ளைகள், அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகள், படித்து டீச்சராகவும் நர்ஸாகவும் போய்க்கொண்டிருந்த காலம். அப்படிப் படித்த பெண்ணை, படிக்காத ஆனால் கைத்தொழில் சுத்தமான இவருக்கு மாதா கோயில் சாமியார் சொல்லிக் கட்டி வைத்தார்கள். ஒரு பெண் குழந்தை. நான் அப்போது கல்யாணமாகாதவன், அவர்கள் வீட்டுக்கு ஒட்டின வீட்டில் தனியாக இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். குழம்பு வாசனையும் பேச்சும் சுவர் தாண்டி வந்துவிடும். குழம்பு வாசனை தினமும் வரும். பேச்சு அப்படி வராது.

அண்ணாச்சி மருந்தறைக்குள் இருக்கும்போது பார்த்தவர்களுக்குத்தான் கவனம் என்றால் என்ன என்று தெரியும். வெயில் ஏறும் முன்னால், பொழுது விடியும்போதே உள்ளே போய்விடுவார். பருத்தி வேட்டி, வெறும் கால், அரைஞாணில் தாயத்துக்கூட இருக்காது. வாசலில் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு போவார். உள்ளே நுழைந்ததும் அவருக்கு வாய் கிடையாது. வெடியுப்புக்கு ஒரு சல்லடை, கந்தகத்துக்கு ஒரு சல்லடை, கரிக்கு ஒன்று. ஒன்றில் சலித்ததை இன்னொன்றில் தொடக் கூடாது. எது மாறினால் என்ன ஆகும் என்பதை அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் கூரை இல்லாத அறைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இருமக்கூடக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் வாசலில் போய் நின்று வெளிச்சத்தை மறைக்க வேண்டும். தன் கைமேல் நிழல் விழுவதைப் பார்த்து அவராகக் கையை நிறுத்துவார், அவராகத் தலையைத் தூக்குவார். அப்புறம்தான் பேச்சு. மற்ற கம்பெனி மருந்துக்காரர்களில் பாதிப் பேருக்கு விரல் குறைவு. இவருக்குப் பத்தும் இருந்தது.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். உடம்பு வரும், கவனம் வராது. குளித்துவிட்டுக் கொல்லையில் கயிற்றுக் கட்டிலில் உட்காருவார். டீச்சர் ஏதாவது சொன்னால் "ம்" என்பார். அதே "ம்" தான் வெந்நீர் போதுமா என்று கேட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னாலும். சாயங்காலம் ஒவ்வொரு கம்பெனியிலும் புதுச் சரக்கைப் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டால் அந்த "ம்" மும் நின்றுவிடும். மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைச் சாய்ப்பார். யார் சரக்கு, எது கூடுதல், எது குறைச்சல், திரி சரியா என்று அவருக்குத் தெரிந்துவிடும். பாட்டுக் கச்சேரி கேட்கிற ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"அந்த அறைக்குள்ள வச்சிருக்கிற கவனத்துல ஒரு சிட்டிகை இங்கன கொண்டாந்தா என்னவாம்?" என்று டீச்சர் ஒரு நாள் என்னிடம், அவர் காதில் விழும்படி, கேட்டார். நான் அதை அண்ணாச்சியிடம் மறுநாள் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அங்கன விட்டா உசுரு போகும்லே. இங்கன விட்டா என்ன போயிரும்?"

அவர் அதைத் திமிராகச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படித்தான் நினைத்தார். விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் மனசைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறவர், வீட்டுக்கு வந்தால் அதை அவிழ்த்துவிடத்தான் பார்ப்பார். இதைப் பெண்டாட்டியிடம் ஒரு நாள் சொல்லியிருந்தால் படித்த பெண் புரிந்துகொண்டிருப்பார். சொல்லவில்லை.

ஒரு பக்கமாகச் சொல்லக் கூடாது. டீச்சர் பேசுகிற விதத்திலும் கோளாறு இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளுக்கு ஒன்று ஒன்றாக நிறுத்திச் சொல்லிக் கொடுப்பவர், வீட்டில் முக்கியமானதை முக்கியமில்லாததுக்கு நடுவே வைத்துத்தான் சொல்லுவார். அதிலும் நேராகச் சொல்ல மாட்டார். பிள்ளையைப் பார்த்துச் சொல்லுவார், அரிசியைப் பார்த்துச் சொல்லுவார், என்னைப் பார்த்துச் சொல்லுவார். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்வது தனக்குக் குறைச்சல் என்று நினைப்பு. மனசுக்குள் என்ன வேண்டும் என்று இருக்கிறதோ அதை மட்டும் சொல்ல மாட்டார். அதை எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் போட்டுச் சலித்தால் என்ன ஆகும் என்று தொழில்காரனான எனக்குத் தெரியும். படிப்புக்காரர்களுக்கு அது தெரிவதில்லை.

அந்த வருஷம் கோடை முடிகிற சமயம். சாயங்காலம் நான் கொல்லையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கட்டிலில். டீச்சர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. சாத்தூர் அத்தைக்கு மூட்டுவலி அதிகம். காரியாபட்டிப் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு மாத்தல் உத்தரவு வந்திருக்கிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். இந்தக் காய் முற்றல், சந்தைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

நான் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எனக்கே கேட்டது. அந்த நேரம் பார்த்து மேற்கே ஒரு வெடி. அண்ணாச்சி ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

"கேட்டியா? கரி கூடிப்போச்சு. நம்ம சரக்கு இல்ல இது."

டீச்சர் கையிலிருந்த கத்தி கொஞ்சம் நின்றது. அப்புறம் மறுபடி நறுக்க ஆரம்பித்தது. நறுக்கி முடித்துவிட்டுப் பிள்ளையிடம் சொன்னார், "அப்பாவுக்குச் சோறு வைம்மா. காது சாப்பிட்டு முடிச்சிருச்சு. வயிறுதான் இன்னும் சாப்பிடல."

நான் சிரித்துவிட்டேன். அண்ணாச்சியும், என்ன விஷயம் என்று தெரியாமலேயே, கூடச் சிரித்தார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கட்டுமா என்பதுதான் டீச்சர் கேட்டது. எழுதிக் கொடு என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார். இதை அவர் வாயாலேயே பின்னால் கேட்டேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் அன்று காலை நான் கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். விருதுநகர் பஸ் வந்து நின்றது. வழக்கமாக அது அங்கே நிற்காது, டீச்சர்தான் கண்டக்டரிடம் சொல்லி நிறுத்தியிருக்கிறார். மேலே தகரப் பெட்டியும் பாய்ச் சுருளும். பிள்ளை ஜன்னலோரம். டீச்சர் இறங்கி வந்து என் கையில் சாவியைக் கொடுத்தார்.

"அவுகட்ட குடுத்துருங்க தம்பி."

"அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டுத்தான போறீக?"

"நான் சொல்லிட்டேன். கேட்டுச்சாங்கறத அவுகதான் சொல்லணும்."

மருந்தறை இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே போய்க் கூப்பிட முடியாது என்று அவருக்கும் தெரியும். பஸ் போய்விட்டது.

உச்சிக்கு வெளியே வந்த அண்ணாச்சி கையில் சாவியைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். எப்போது சொன்னாள் என்று கேட்டார். முருங்கைக்காய் நறுக்கின அன்றைக்கு என்றேன். அவருக்கு நினைவு வரவில்லை. மேற்கே ஒரு வெடி கேட்டதே, நம் சரக்கு இல்லை என்றீர்களே, அன்றைக்கு என்றேன்.

"அன்னைக்கா?" என்றார். முகம் தெளிந்தது. "கரி கூடுன சத்தம்."

சத்தம் ஞாபகம் இருந்தது. அதோடு வந்த சேதி ஞாபகம் இல்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்ததா, எரிச்சல் வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் இரண்டு பேருமே பிடிவாதம். போனவள் கூப்பிடட்டும் என்று இவர். விட்டவர் வரட்டும் என்று அவர். பேச்சு கிடையாது, ஆனால் போக்குவரத்து இருந்தது. பஸ் கண்டக்டர் மூலமாக டீச்சர் ஒரு ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய் அனுப்புவார். தீர்ந்ததும் அண்ணாச்சி அந்த ஜாடியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிள்ளைக்குப் பிடித்த சாத்தூர்க் காராச்சேவைப் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஜாடி விருதுநகரில் ஒரு பஸ் மாறிப் போகும், மாறி வரும். அதற்குள் ஒரு துண்டுத்தாளில் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரா டீச்சர் புருஷன்? தட்டுத் தடுமாறி எழுதுவார். டீச்சரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுத்து சரியாகத் தெரியாத நான்தான் இதை யோசித்தேன்.

"மாமியா வீட்டுச் சீர் வந்திருக்கு" என்று கண்டக்டர் ஜாடியை நீட்டுவார். "ஒரு நா ஆளும் வந்தா டிக்கெட் நான் போடுதேன் அண்ணாச்சி." அண்ணாச்சி ஜாடியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. வீட்டில் ஆள் இல்லாததால் மருந்துக்காரர் மத்தியானத்துக்கு மேலும் கம்பெனியிலேயே கிடந்தார். தீபாவளிச் சீசன் ஆரம்பித்துவிட்டது. வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்தது. லோடு லாரி வரிசையில் நின்றது. நானும் முதலில் எல்லாம் நல்லபடி போவதாகத்தான் நினைத்தேன்.

ஆனால் நான் கண் வைத்தால் தப்பாது. என் கண்ணில் ஒன்று பட்டது. காலை பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது மருந்தறைக்குள் அண்ணாச்சியின் தலை நிமிர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. இடி இடித்தாலும் நிமிராத தலை. வீட்டில் வெடிச் சத்தத்துக்குச் சாய்ந்த அதே சாய்வு. முதலில் ஒரு நாள் பார்த்தேன், அப்புறம் தினமும் பார்த்தேன். வீட்டுக்கு வராத கவனம் இப்போது வீட்டைத் தேடிக்கொண்டு அறையை விட்டு வெளியே போக ஆரம்பித்துவிட்டது. யாரிடம் போய் இதைச் சொல்ல? தலையை நிமிர்த்தினார் என்று முதலாளியிடம் சொன்னால் சிரிப்பார்.

அன்றைக்குக் காலையும் பஸ் போனது. நான் பக்கத்து அறைக்குத் திரிக்கட்டு கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். உள்ளே பார்த்தேன். அண்ணாச்சி உட்கார்ந்தபடி வெடியுப்பை அள்ள ஒரு கையை நீட்டியிருந்தார். வலது கையில் சல்லடை. அது கந்தகச் சல்லடை.

சத்தம் போடக் கூடாது. ஓடவும் கூடாது, காலடி அதிர்ந்தால் அவர் கை அதிரும். திரிக்கட்டைத் தரையில் வைத்தேன். மெதுவாக நடந்து வாசலில் போய் நின்றேன். என் நிழல் அவர் முழங்கையில் விழுந்தது. கை நிற்கவில்லை. நிழலைக் கண்டால் நிற்கிற கை அது, ஆனால் நிற்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றேன். நிழல் சல்லடை மேல் விழுந்தது. அப்போது நின்றது. என்னைப் பார்த்தார். நான் சல்லடையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அதைக் கீழே வைத்தார், குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல. எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து அறைகளில் பெண்கள் பேசிக்கொண்டே குழாய்க்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். மறுபடி உள்ளே போகத்தான் எழுந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"என்னய நிப்பாட்ட நீ யாருலே?"

"போர்மேன்."

"நான் தூக்கி விட்ட போர்மேன்."

"அதனாலதான் நிப்பாட்டுதேன். வீட்ல பேசிட்டு வாங்க. அப்புறம் உள்ள போங்க."

"என்ன பேச?"

"அது எனக்கென்ன தெரியும்? எனக்குக் கல்யாணமே ஆகல."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். சீசன் நேரத்தில் மருந்துக்காரனை வீட்டுக்கு அனுப்புகிறாயா, ஆர்டரை யார் முடிப்பது என்று சத்தம் போட்டார். நான் அன்றைக்குச் சொன்ன பதிலை இன்றும் பெருமையாகச் சொல்வேன். "அறையே இல்லாமப் போச்சுன்னா ஆர்டர எங்கன வச்சு முடிப்பீக மொதலாளி?" என்றேன். சல்லடை மாறினதை நான் சொல்லவில்லை. சொன்னால் அண்ணாச்சிக்கு வேலை போய்விடும். உடம்பு சரியில்லை என்றேன். முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார், நம்பினார். அந்த முகம் அப்படி இருந்தது.

மத்தியான பஸ்ஸைப் பிடித்தோம். விருதுநகரில் இறங்கி மாறி, காரியாபட்டி போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். டீச்சர் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டவில்லை. "வாங்க" என்றார். என்னைப் பார்த்து "சாப்பிட்டீகளா தம்பி" என்றார். பிள்ளை மட்டும் அப்பா மடியில் போய் ஏறிக்கொண்டது. ஓரமாக அந்த ஊறுகாய் ஜாடி இருந்தது.

டீச்சர் வழக்கம்போல ஆரம்பித்தார். இந்த ஊர்த் தண்ணீர் உப்பு. பள்ளிக்கூடக் கூரையில் ஓடு மாற்ற வேண்டும். அண்ணாச்சியும் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். ஆனால் அது விவசாயம் பார்க்கிற ஊர். சாயங்காலத்தில் வெடி கிடையாது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டினார்கள், அவ்வளவுதான். சாய்ந்த தலைக்குப் போக இடம் இல்லாமல் திரும்பி வந்தது. நான் இதைக் கண்ணால் பார்த்தேன்.

சமயம் பார்த்துச் சொன்னேன், "டீச்சர், ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. முக்கியமானத மட்டும் தனியாச் சலிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் என்னை முறைத்தார். இந்த மூன்றாம் வகுப்பு எனக்குப் பாடம் நடத்துகிறதா என்கிற முறைப்பு. அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினார்.

"மாத்தல் வந்திருக்குன்னேன். போகாதன்னு ஒரு வார்த்த சொன்னீகளா?"

"எனக்குக் கேக்கல."

"அதத்தான் சொல்லுதேன்."

அண்ணாச்சி பிள்ளையை மடியிலிருந்து இறக்கி என் பக்கம் அனுப்பினார். கையை விரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தாரோ என்னவோ, நானாகச் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"இன்னைக்குக் கையில சல்லட மாறிருச்சு."

மருந்துக்காரர் பெண்டாட்டிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டீச்சர் அழவில்லை. எழுந்து போய், காப்பிக்கு வைத்திருந்த அடுப்பைத் தணித்தார். திரும்பி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வலது கையை எடுத்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது கையை. பத்தும் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிடுவோமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

கிளம்பும்போது டீச்சர் என்னிடம் தனியாகச் சொன்னார், "இனிமே அவுக உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுட்டு விடுங்க தம்பி."

"என்னன்னு கேக்க?"

"வீட்ல பேசுனீகளான்னு கேளுங்க. இல்லன்னா விடாதீக."

மறுநாள் காலையில் நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், கம்பெனிச் சுவர் கட்டும்போது மிஞ்சிக் கிடந்த கருங்கல்லைப் புரட்டிப் புரட்டி, தனியாளாக, மருந்தறை வாசலுக்குக் கொண்டுவந்தேன். கையில் தோல் உரிந்தது. கேள்வியைக் கேட்டால் பதில் சொல்ல ஆளுக்கு உட்கார இடம் வேண்டும், நின்றுகொண்டு யாரும் உண்மையைச் சொல்வதில்லை. அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"என்னலே இது? எனக்குச் சமாதியா?"

"அது வேண்டாம்னுதான் இது. உக்காருங்க. வீட்ல பேசுனீகளா?"

அவர் உட்கார்ந்தார். பேசினேன் என்றார். உள்ளே போனார். அன்றிலிருந்து தினமும் கேட்டேன். டீச்சர் காரியாபட்டியில் இருந்தவரை, பஸ்ஸில் ஒரு வரி எழுதி அனுப்பினாலும் பேசினதாகத்தான் கணக்கு. சில நாள் இல்லை என்பார். அப்படிச் சொன்ன நாளில் மரத்தடியில் லேபிள் ஒட்டும் பெண்களோடு உட்கார்ந்துகொள்வார். முதலாளி முணுமுணுத்தார். நான் அசையவில்லை. பிறகு மற்ற ஆட்களையும் கேட்க ஆரம்பித்தேன். "போர்மேன், எம் பொண்டாட்டி பேசுனா, நான் பேசல. உள்ள போகலாமா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். கல்லில் உட்காராமல் ஒருவனும் உள்ளே போனதில்லை. என் வீட்டுக்காரி வந்த பிறகு அவளும் சொன்னாள், "ஊர்க்காரன எல்லாம் கேக்கீக. நம்ம வீட்டு வாசல்லயும் ஒரு கல்லப் போடுங்க." அது வேறு விஷயம்.

டீச்சர் அந்த வருஷப் படிப்பு முடியும்வரை காரியாபட்டியில்தான் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி பஸ் ஏறிவிடுவார், கண்டக்டர் ஜாடி சுமப்பது நின்றது. அடுத்த வருஷம் சாத்தூர் பக்கம் மாத்தல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சந்தோஷமாக வாழ்ந்தார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அண்ணாச்சி கடைசிவரை வெடிச் சத்தத்துக்குத் தலையைச் சாய்க்கத்தான் செய்தார். ஆனால் "இரு, இந்தச் சத்தம் முடியட்டும், அப்புறம் சொல்லு" என்று சொல்லப் பழகியிருந்தார். டீச்சரும் சத்தம் முடிகிறவரைக்கும் கத்தியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார். முடிந்ததும் ஒன்றே ஒன்றைச் சொல்லுவார். முருங்கைக்காய் சமாச்சாரம் அப்புறம்தான்.

அண்ணாச்சி வயதாகி, படுக்கையில், சாதாரணமாகப் போய்ச் சேர்ந்தார். மருந்துக்காரர்களில் அப்படிப் போனவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. பெட்டியில் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். நான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர், தலை முழுக்க நரைத்துவிட்டது அப்போது, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எண்ணிட்டீகளா தம்பி?"

"எண்ணிட்டேன் டீச்சர். எல்லாம் இருக்கு."

கோயிலில் பேசியவர்கள் அவருடைய கவனத்தைப் பற்றிப் பேசினார்கள். கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

போன மாதம் அந்தப் பழைய கம்பெனிக்கு ஒரு விசேஷத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மருந்தறையை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வேப்பமரம் இல்லை. கல் இருக்கிறது. கழுவி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, நிறுவனர் தொழிலாளர் நலனுக்காக ஏற்படுத்திய கல் என்று எழுதி, அவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அந்த நிறுவனரின் பேரன்கள் பெருமையாகக் காட்டினார்கள். ஆர்டரை யார் முடிப்பது என்று சத்தம் போட்ட அதே முதலாளி. இப்போதும் உள்ளே போகிற ஒவ்வொரு ஆளையும் அங்கே உட்கார வைத்து, வீட்டில் பேசினாயா என்று கேட்டுத்தான் விடுகிறார்கள். அதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது.

அவர் பெயரை அழிக்க நான் சொல்லவில்லை. கல்லில் இன்னும் இடம் இருக்கிறது. கேள்வி டீச்சருடையது, அதை எழுதுங்கள். உண்மையைத் தன் வாயால் சொன்னவர் அண்ணாச்சி, அதையும் எழுதுங்கள். ஆனால் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தவன் நான். நிழலாக வாசலில் நின்றவன் நான். ஒருவர் பத்து விரலோடு மண்ணுக்குள் போனார். அதில் வலது கையை, சல்லடை பிடித்திருந்த கையை, என் பேரில் எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.